வேலைக்காக லாஸ் வேகஸ் போகும் நீலகிரிக்காரர்களுக்கு: ஊரையும் பார்த்துவிட்டு வர ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு லாஸ் வேகஸ் இப்போது வேலைக்காகப் போய்வரும் ஊர்களில் ஒன்று. வேர்ல்டு டீ எக்ஸ்போ பல ஆண்டுகள் அங்கேதான் நடந்திருக்கிறது. தேயிலையை விட்டால் ஜனவரியில் சிஇஎஸ் என்கிற மின்னணுப் பொருள் கண்காட்சி, ஆண்டுக் கடைசியில் அமேசானின் ரீ:இன்வென்ட் மாநாடு என்று கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகளும் போகிறார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டு வருவது விமான நிலையம், ஹோட்டல் அறை, கண்காட்சி அரங்கு, அறைக்கும் அரங்குக்கும் நடுவில் கிடக்கிற கேசினோ தளம், அவ்வளவுதான்.

எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு. அந்த ஊரில் பார்க்க வேண்டியவை கேசினோவுக்கு வெளியே, காரில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நல்ல நேரம் காலை 9 மணிக்கு முன்னால். அந்த நேரத்தில் நம் உடம்பு ஜெட் லாக் காரணமாகத் தானாகவே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒரு நாள்கூட லீவு போடாமலே நிறையப் பார்க்கலாம். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தக் கணக்கில்தான்.

படி 1: டிக்கெட் போடும் முன்பே பேசி முடியுங்கள்

வேலைப் பயணத்தோடு ஒன்றிரண்டு நாள் சேர்த்துக்கொள்வது தவறே இல்லை, ஆனால் அதைப் போன பிறகு கேட்கக் கூடாது. டிக்கெட் போடும் முன்பே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கம்பெனி வேலை, எது உங்கள் சொந்த நாள், சொந்த நாளின் அறை வாடகையும் கார் வாடகையும் யார் கணக்கு, தேதி மாறுவதால் டிக்கெட் விலை கூடினால் அந்த வித்தியாசத்தை யார் கட்டுவது. முதலாளி உங்கள் பெரியப்பாவாகவே இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும், பின்னால் ஆடிட்டர் கேட்கும்போது எல்லோருக்கும் நிம்மதி. கம்பெனி எடுத்துத் தரும் பயணக் காப்பீடு சொந்த நாட்களுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவைக் கையிலிருந்து கட்ட முடியாது, பொருந்தாது என்றால் அந்த நாட்களுக்குத் தனியாக எடுத்துவிடுங்கள்.

விசா விஷயத்தில் கவலை வேண்டாம். நமக்குப் பொதுவாகக் கொடுப்பது பி1/பி2 என்று சேர்ந்த விசாதான், வியாபார வேலை, சுற்றிப் பார்ப்பது இரண்டுக்கும் அதுவே போதும். கண்காட்சியில் ஆர்டர் எடுக்கலாம், பேரம் பேசலாம், அங்கே வேலை செய்து சம்பளம் வாங்கத்தான் கூடாது. குடியேற்ற அதிகாரி கேட்டால் கண்காட்சி இத்தனை நாள், சுற்றிப் பார்க்க இத்தனை நாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

கூடுதல் நாளைக் கண்காட்சிக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? என் தீர்ப்பு, முன்னால். பின்னால் வைத்தால் ஸ்டாலைக் கலைத்த களைப்பும், வாங்குபவர்களுக்கு அனுப்ப வேண்டிய மெயில்களும் அந்த நாளைத் தின்றுவிடும். முன்னால் வைத்தால் உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழகிவிடும், முதல் மீட்டிங்கில் கொட்டாவி விடாமல் உட்காரலாம். அதைச் சொல்லியே அனுமதியும் வாங்கலாம்.

ஒரே சிக்கல், அங்கே வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை ஏறிவிடும், பெரிய கண்காட்சி இருக்கும் வாரத்தில் எல்லா நாளும் ஏறிவிடும். அதற்கு எனக்குப் பிடித்த வழி, அந்த முன் இரவுகளை போல்டர் சிட்டியில் தங்குவது. லாஸ் வேகஸிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தூரம். ஹூவர் அணை கட்டியவர்களுக்காக 1931இல் உருவாக்கிய சிற்றூர், நெவாடா மாநிலத்தில் சூதாட்டத்துக்கே அனுமதி இல்லாத மிகச் சில இடங்களில் ஒன்று. கேசினோ இல்லை, புகை இல்லை, இரவில் சத்தமும் இல்லை. நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு மலை ஊர்க்காரர் தூங்கி எழுவதற்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

படி 2: மலையிலிருந்து இறங்குவது

இது நமக்கே உரிய தலைவலி என்பதால் எழுதுகிறேன். லாஸ் வேகஸுக்கு இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எப்படிப் போனாலும் ஒன்றிரண்டு இடத்தில் மாற வேண்டும், முதல் விமானத்தைத் தவறவிட்டால் எல்லாமே சரியும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குன்னூர் - மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து மூடிவிடுவது நமக்குத் தெரியாததல்ல. அதனால் அக்டோபர், நவம்பரில் கிளம்புகிறவர்கள் முந்தின நாளே கோவையில் இறங்கிவிடுங்கள். பெங்களூரிலிருந்து விமானம் என்றால் பந்திப்பூர் வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள் என்பதைப் போகும்போதும் வரும்போதும் கணக்கில் வைக்க வேண்டும்.

தேயிலை மாதிரிகளைக் கண்காட்சிக்காகக் கொண்டுபோகிறவர்கள், அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் மிச்சம்.

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊட்டி ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும், மற்றபடி நம் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகிய கைக்கு நெவாடாவின் அகலமான நேர்ச் சாலைகள் பிரச்சினையே இல்லை. வேகம்தான் பிரச்சினை, சாலை காலியாக இருப்பதால் தெரியாமலே ஏறிவிடும், கவனம்.

படி 3: அறையைத் தேர்ந்தெடுக்கும்போது

ஸ்ட்ரிப் என்று எல்லோரும் சொல்வது லாஸ் வேகஸ் புல்வார்டில் சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் பகுதி. கண்காட்சி நடக்கும் கன்வென்ஷன் சென்டர் அதற்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஸ்ட்ரிப்புக்குக் கிழக்குப் பக்கமாக ஒரு மோனோரயில் ஓடுகிறது, சஹாராவிலிருந்து எம்ஜிஎம் கிராண்ட் வரை, நடுவில் கன்வென்ஷன் சென்டரிலேயே ஒரு நிலையம் உண்டு. அந்த வழித்தடத்தில் அறை எடுத்தால் தினமும் டாக்சிக்கு நிற்கிற நேரம் உங்கள் கையில் தங்கும். மோனோரயில் விமான நிலையத்துக்குப் போகாது, அதற்கு ஊபரோ டாக்சியோதான்.

இணையத்தில் காட்டும் வாடகையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ரிசார்ட் ஃபீ என்று இரவுக்கு 40, 50 டாலர் சேர்ப்பார்கள், 2025 மே முதல் அதைக் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும், வரி அதற்கு மேல் வரலாம். கம்பெனி அதையும் கொடுக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

அறைக்குப் போக, வெளியே வர, சாப்பிட, எதற்கும் கேசினோ தளத்தைக் கடந்துதான் போக வேண்டும் என்கிற மாதிரிதான் பெரும்பாலான ஹோட்டல்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே உள்ளேயே புகை பிடிக்கலாம். நம் காற்றில் வளர்ந்தவர்களுக்கு அது இரண்டாம் நாளே தொண்டையைப் பிடிக்கும். அது வேண்டாம் என்றால் வடாரா மாதிரி சூதாட்டத் தளமே இல்லாத ஹோட்டல்கள் இருக்கின்றன, பார்க் எம்ஜிஎம்மில் கேசினோ உண்டு, ஆனால் புகைக்கு அனுமதி இல்லை. கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், தூக்கம் கெட்டால் காலை கெடும், காலை கெட்டால் இந்த வழிகாட்டியே வீண்.

அப்புறம், டீ. பெரும்பாலான ஸ்ட்ரிப் ஹோட்டல் அறைகளில் வெந்நீர் கெட்டில் வைப்பதில்லை. நம் ஊர்க் கெட்டிலைக் கொண்டுபோனாலும் அங்கே மின்சாரம் 120 வோல்ட், தண்ணீர் கொதிக்க வெகு நேரம் ஆகும். இரண்டு வோல்டேஜுக்கும் பொருந்துகிற சின்னப் பயணக் கெட்டில், அமெரிக்கப் பிளக், நம் ஆர்தடாக்ஸ் இலை ஒரு பொட்டலம், ஊட்டி வர்க்கி ஒரு பாக்கெட், இவை பெட்டியில் இருக்கட்டும். காலை 4 மணிக்கு விழித்துக்கொண்டு காபிக் கடையைத் தேடி நடப்பதற்குப் பதில் அறையிலேயே டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். அறையில் இருக்கும் குளிர்பெட்டியைத் திறந்து பொருளை எடுத்துப் பார்த்து வைக்காதீர்கள், பல ஹோட்டல்களில் சென்சார் வைத்திருக்கிறார்கள், நகர்த்தினாலே பில்லில் ஏறிவிடும்.

படி 4: ஊர் நேரத்தையும் அந்த நேரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்

மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை லாஸ் வேகஸ் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் பதின்மூன்றரை மணி நேரம். இது ஏன் முக்கியம் என்றால், ஓய்வு நேரத்தை உங்களிடமிருந்து பறிப்பது அங்கே இருக்கிற வேலை மட்டும் இல்லை, இங்கிருந்து வருகிற ஃபோனும்தான். குன்னூர் தேயிலை ஏலம் வியாழன், வெள்ளியில் நடக்கும். மார்ச் கடைசியில் குன்னூரில் வியாழன் காலை 10 மணி என்றால் அங்கே புதன் இரவு ஒன்பதரை. நாள் முழுக்க ஸ்டாலில் நின்றுவிட்டு, இப்போதாவது வெளியே போகலாம் என்று கிளம்பும்போது புரோக்கரிடமிருந்து ஃபோன் வரும். அந்த இரவுகளில் ஷோ டிக்கெட் எடுக்காதீர்கள், அறையில் உட்கார்ந்து ஏலத்தைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

இப்போது அதிகாலையைப் பாருங்கள். அங்கே காலை 5 மணிக்கு ஊரில் மாலை ஐந்தரை, ஃபேக்டரியில் அன்றைய முக்கியமான முடிவெல்லாம் எடுத்தாகிவிட்டது, அமெரிக்க வாங்குபவர்கள் இன்னும் தூங்குகிறார்கள். உங்களை யாருமே கேட்காத நேரம் ஒரு நாளில் அதுதான். வீட்டுக்கு ஒரு ஃபோன் பேசிவிட்டுக் கிளம்பினால் ஒன்பதரை வரை உங்கள் ராஜ்ஜியம்.

ஆகவே தாளில் மூன்று விதமான நேரத்தைக் குறியுங்கள்: தினமும் கிடைக்கும் அதிகாலை, ஏலமும் விருந்தும் இல்லாத மாலை, ஸ்டால் அமைக்கும் நாளின் பிற்பகல். இந்தக் கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. காலையில் போய் ஸ்டாலை அமைத்துவிட்டால் மதியத்துக்கு மேல் அங்கே உங்களுக்கு வேலை இல்லை, ஆனாலும் அரங்குக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நாளை முடித்துவிடுகிறோம்.

படி 5: அதிகாலைகள்

முதல் இடம் ரெட் ராக் கேன்யன், வேறு எதற்கும் நேரம் இல்லாவிட்டாலும் இதற்கு மட்டும் போய்விடுங்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து மேற்கே ஏறக்குறைய 27 கிலோமீட்டர். செக்கச் சிவந்த மணற்பாறைக் குன்றுகளுக்கு நடுவே 13 மைல் நீளத்துக்கு ஒருவழிச் சாலை ஒன்று சுற்றி வருகிறது, வழியில் இருக்கும் நிறுத்துமிடங்களில் காரை நிறுத்தி இறங்கி நடக்கலாம். காலை 6 மணிக்குக் கேட் திறக்கும். அக்டோபரிலிருந்து மே வரை காலை 8 முதல் மாலை 5 வரை உள்ளே நுழைய நேரத்தை முன்பதிவு செய்திருக்க வேண்டும், 8 மணிக்கு முன்னால் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. சுற்றுலாப் பயணிகள் முன்பதிவுக்கு அலைந்துகொண்டிருக்கும்போது ஜெட் லாக்கில் விழித்த நீங்கள் கார் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு நேராக உள்ளே போகலாம்.

மார்ச் கடைசியில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி எழும். முதல் வெளிச்சம் காலிகோ குன்றுகளில் பட்டுச் சிவப்பு ஏறுவதைப் பார்க்க அந்த நேரத்துக்கு அங்கே நின்றிருக்க வேண்டும். எந்நேரமும் பச்சையையும் பனிமூட்டத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு இலைகூட மறைக்காமல் பூமியின் எலும்பு அப்படியே வெளியே தெரிகிற அந்தக் காட்சி உள்ளே என்னவோ செய்யும். லாஸ் வேகஸில் ஆண்டுக்கு மொத்தமே 10 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மழை பெய்யும், குன்னூரில் ஒரு நல்ல அடைமழை நாளில் அதைவிட அதிகம் பெய்துவிடும். ஏழே முக்காலுக்குச் சுற்றை முடித்துக் கிளம்பினால் குளித்துவிட்டு அரங்குக்குப் போகச் சரியாக இருக்கும். ஊபரில் போகாதீர்கள், போவது எளிது, திரும்ப அழைக்க அங்கே செல்ஃபோன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஓட்டத் தெரியாதவர்கள் ஓட்டத் தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து ஸ்டால்காரரே வருவார், அவருக்கும் தூக்கம் வராமல்தான் இருக்கும்.

இரண்டாவது அதிகாலை, ஸ்ட்ரிப்பையே நடந்து பார்ப்பது. இரவில் கால் வைக்க இடமில்லாத நடைபாதை காலை 6 மணிக்குக் காலியாக இருக்கும். பெல்லாஜியோவின் உள்தோட்டம் நாள் முழுக்கத் திறந்திருக்கும், இலவசம், பருவத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் மாற்றி அலங்கரிக்கிறார்கள். சிம்ஸ் பூங்காப் பழக் கண்காட்சியும் ஊட்டி மலர்க் கண்காட்சியும் பார்த்த கண்ணுக்கு அதன் உழைப்பு புரியும். தெற்குக் கோடியில் 1959இல் வைத்த புகழ்பெற்ற வரவேற்புப் பலகை, பகலில் படம் எடுக்க வரிசை நிற்கும், விடியற்காலையில் உங்களுக்கு மட்டும். சாலையைக் கடக்கும் நடைமேம்பாலங்களில் நின்று படம் எடுக்காதீர்கள், 2024 தொடக்கத்திலிருந்து அங்கே நிற்பதே சட்டப்படி தவறு. எதிரே தெரிகிற கட்டடம் பக்கம் மாதிரி தோன்றும், நடந்தால் அரை மணி நேரம் ஆகும், ஒவ்வொன்றும் அவ்வளவு பெரியது. வசதியான ஷூ போடுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்களுக்கு அதிகாலை வெறும் யோசனை இல்லை, கட்டாயம். பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம், 2024 ஜூலை 7 அன்று 48.9 டிகிரி வரை போயிருக்கிறது. அந்த மாதங்களில் 9 மணிக்கு மேல் பாறைப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 6: அரை நாள் கிடைத்தால், முழு நாள் கிடைத்தால்

அரை நாளுக்கு ஹூவர் அணை. கொலராடோ ஆற்றின் குறுக்கே 221 மீட்டர் உயரம், மேலே நடந்து பார்க்கக் காசு இல்லை. பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய 1932இல் அங்கே இந்த அணையின் வேலை நடந்துகொண்டிருந்தது, அதே காலத்துப் பொறியியல் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். குந்தா, எமரால்டு, அவலாஞ்சி என்று அணைகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்கு இதில் ருசி அதிகம். மீட் ஏரியின் கரைப் பாறைகளில் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், தண்ணீர் முன்பு எந்த உயரம் வரை நின்றது என்பதற்கான தடம் அது. லாஸ் வேகஸ் குடிப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான்.

இன்னொரு அரை நாள் யோசனை, சார்ல்ஸ்டன் மலை. பாலைவனத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சாலை ஊட்டி உயரத்துக்கு ஏறிவிடும், உச்சி 3,632 மீட்டர், தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் அதிகம். பைன் மரங்கள், குளிர், மார்ச்சில்கூட பனி. பனி இருந்தால் சாலை நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். வீட்டு ஞாபகம் வருகிறவர்களுக்கு நல்ல மருந்து, வித்தியாசமாக எதையாவது பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வடகிழக்கே 80 கிலோமீட்டரில் வேலி ஆஃப் ஃபயர், சிவப்புப் பாறையும் பழங்குடிகள் செதுக்கிய பாறைச் சித்திரங்களும்.

கிராண்ட் கேன்யன் பற்றி எல்லோரும் கேட்பார்கள். தேசியப் பூங்காவான தெற்கு விளிம்புக்கு ஒரு வழிக்கே நாலரை மணி நேரம், 2026 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் கட்டணமும் உண்டு. மேற்கு விளிம்பு இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போகலாம், அது ஹுவாலபாய் பழங்குடி மக்கள் நடத்துவது, கண்ணாடிப் பாலம் அங்கேதான் இருக்கிறது. முழு நாள் ஒன்று தனியாக இருந்தால் மட்டும் போங்கள், மறுநாள் காலை மீட்டிங்கை வைத்துக்கொண்டு தெற்கு விளிம்புக்கு ஒரே நாளில் போய்வர முயல்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் போகிறவர்கள், அரிசோனா எல்லையைத் தாண்டினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும் என்பதையும் கவனியுங்கள், கோடையில் இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

படி 7: மாலைகள்

மாலைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் திட்டம் போடாதீர்கள், உடம்பு எட்டு மணிக்கே கெஞ்சும். பெல்லாஜியோ நீரூற்று இரவில் கால் மணிக்கு ஒரு முறை ஆடும், இலவசம். 2023 செப்டம்பரில் திறந்த ஸ்பியர் என்கிற பிரம்மாண்டமான உருண்டையை வெளியிலிருந்து பார்ப்பதற்கும் காசில்லை, 112 மீட்டர் உயரத்துக்கு அதன் மேல் முழுக்க ஒளிப்படங்கள் ஓடும். பழைய வீடியோக்களைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். அவற்றில் வருகிற மிராஜ் எரிமலை 2024 ஜூலையில் ஹோட்டலோடு சேர்த்து மூடப்பட்டது, டிராபிகானா ஹோட்டலை அதே ஆண்டு வெடிவைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். வாங்குபவரோடு பேச வேண்டியிருந்தால் பாருக்குப் பதில் நீரூற்றுப் பக்கம் ஒரு நடை கூப்பிட்டுப் பாருங்கள், அமெரிக்கர்களும் நாள் முழுக்க அரங்குக்குள் அடைந்து கிடந்தவர்கள்தான், சந்தோஷமாக வருவார்கள்.

ஒரு மாலையைப் பழைய நகர்ப் பகுதிக்கு ஒதுக்குங்கள். ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, 1905இல் ரயில்வே நிலத்தை ஏலம் விட்டுத் தொடங்கிய உண்மையான ஊர் வடக்கே ஃபிரீமாண்ட் தெருவை ஒட்டி இருக்கிறது. பழைய நியான் பலகைகளைச் சேர்த்து வைத்திருக்கும் நியான் மியூசியமும் அந்தப் பக்கம்தான். ஸ்ட்ரிப்பிலிருந்து டியூஸ் என்கிற பஸ் 24 மணி நேரமும் அங்கே போய்வருகிறது.

படி 8: கேசினோவை என்ன செய்வது

"அண்ணா, வாங்கண்ணா, ஒரு அரை மணி நேரம்தான்" என்று கூட வந்தவர் கூப்பிடுவார். இதைப் பற்றி நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தளத்தில் பெரும்பாலும் கடிகாரமும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, விளையாடுகிறவர்களுக்கு மது இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் அரை மணி நேரத்தில் முடியாது, நள்ளிரவில் முடியும், மறுநாள் அதிகாலை போய்விடும். பணத்தைவிட எனக்கு அந்த அதிகாலைதான் பெரிய நஷ்டம்.

பணக் கணக்கும் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்க ரவுலட் சக்கரத்தில் 38 கட்டங்கள், ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் தருவதோ 35 மடங்கு. நூறு டாலர் வைத்தால் சராசரியாக 5.26 டாலர் கேசினோக்காரனுக்கு. ஸ்ட்ரிப்பில் மூன்று பூஜ்யம் வைத்த சக்கரங்களும் இருக்கின்றன, அதில் 7.69. ஸ்லாட் மெஷினில் பெரிய தொகை விழுந்தாலும் வெளிநாட்டவரிடம் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். லாட்டரிச் சீட்டால் குடும்பங்கள் எப்படிப் போயின என்பதை 2003இல் தடை வரும் வரை தமிழ்நாட்டில் கண்ணால் பார்த்தவர்கள் நாம், எனக்கு அந்தத் தளம் வேறு மாதிரித் தெரிவதில்லை.

ஆசைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றால், வயது 21 ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். இருபது டாலர் நோட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற பணத்தையும் கார்டுகளையும் அறை லாக்கரில் வைத்துவிட்டு, ஃபோனில் அலாரம் வைத்துக்கொண்டு போங்கள். கம்பெனி கார்டு அந்தத் தளத்துக்குள் போகவே கூடாது. கூப்பிடுகிறவரிடம் "காலைல அஞ்சு மணிக்கு ரெட் ராக் கிளம்பணும்ப்பா, நீயும் வா" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் உங்களோடு காரில் ஏறிவிடுவார்கள்.

படி 9: உடம்பும் சில்லறை விஷயங்களும்

வறட்சிதான் நம்மை அதிகம் படுத்தும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் ரத்தம் வரும். பிளாஸ்டிக் பாட்டில் தடையால் ஸ்டீல் பாட்டில் தூக்கிப் பழகிய மாவட்டம் நம்முடையது, அதையே கொண்டுபோங்கள், குழாய்த் தண்ணீரைத் தைரியமாகப் பிடித்துக் குடிக்கலாம். உதட்டுக்கும் தோலுக்கும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ. மார்ச்சில் விடிகாலை 10 டிகிரிக்குப் பக்கம் இருக்கும், ஊரில் போடுகிற அதே ஸ்வெட்டர் போதும். உணவகங்களில் பில்லுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பார்கள், சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை, இந்திய உணவகங்கள் ஸ்ட்ரிப்பைச் சுற்றியே இருக்கின்றன. சொந்தச் செலவின் ரசீதுகளை முதல் நாளிலிருந்தே தனிக் கவரில் போடுங்கள், திரும்பி வந்து பிரிக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிறு போய்விடும்.

படி 10: திரும்பும் வழி

கோவையில் இறங்கி வெளியூர்ப் பதிவு டாக்சியில் மேலே வருகிறீர்கள் என்றால் அந்த வண்டிக்கு இ-பாஸ் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். 2024 மே மாதம் தொடங்கிய முறை இது, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு வேண்டியதில்லை, அதனால் ஊரிலிருந்தே வண்டியை வரச் சொல்வது எளிது. கோடை சீசனில் மேலே ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், கோத்தகிரிக்காரர்கள் அந்த நாட்களில் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாட்கள் மாலை ஆறு மணிக்கே கண் சொருகும், அந்த நாட்களில் வாங்குபவர்களோடு வீடியோ மீட்டிங் வைக்காதீர்கள், மெயில் போதும்.